கதிர்காமத்தில் பெரியம்மாவைத் தேடிய பகல்

என் அம்மாவுக்கு ஒரே ஒரு அக்கா. கல்யாணமான கொஞ்ச நாளிலேயே, இரண்டு அரசுகளும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி அவருடைய புருஷன் வீட்டாருக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்துவிட்டது. அவர்களோடு கப்பலேறி நீலகிரிப் பக்கம் போய்விட்டார். என் தாத்தாவின் குடும்பத்துக்கு இங்கே இலங்கையிலேயே இருக்க அனுமதி கிடைத்தது. அந்தக் காலத்தில் எங்கள் தேயிலைத் தோட்டங்களில் இப்படி இரண்டாகப் பிரியாத வீடு குறைவு. அப்புத்தளை ஸ்டேஷனில் அக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்று அழுததையும், தாத்தா விரல் விரலாகப் பிரித்துவிட்டதையும் அம்மா பல தடவை சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு கடிதம், கல்யாணப் படங்கள், சாவுச் செய்திகள். கடைசியில் போன் வந்தது. ஐம்பது வருஷத்துக்கு மேல் இரண்டு பேரும் நேரில் பார்த்துக்கொள்ளவில்லை.

போன ஆடி மாதம் பெரியம்மா வந்தார். சுற்றுலா விசாவில்தான் வர முடிந்தது. அம்மா அப்போது நெஞ்சில் நோய் முற்றி, கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தார். பதுளை ஆஸ்பத்திரியில் இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கொஸ்லந்தைக்கு மேலே தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்து வீட்டு வாசலில் வேன் நின்றபோது, அம்மா கட்டிலில் எழுந்து உட்காரப் பார்த்து முடியாமல் சாய்ந்தார். பெரியம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய் அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு பேரும் அழவில்லை. 

வந்த மறுநாளே பெரியம்மா கதிர்காமம் போக வேண்டும் என்றார். திருவிழா நடந்துகொண்டிருந்தது. தங்கச்சிக்காக ஒரு பூசை செய்யாமல் திரும்பிப் போக மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றார். சனம் தாங்காது, திருவிழா முடியட்டும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். முடிகிற நேரத்தில் விசாவும் முடிந்துவிடும் என்றார். அம்மாவும் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். அதனால் பக்கத்து லயத்துக்காரர்கள் பிடித்திருந்த வேனில் எங்களுக்கும் இரண்டு இடம் கேட்டேன். பக்கத்து வீட்டு அக்கா அன்று அம்மாவோடு இருப்பதாக ஒத்துக்கொண்டார்.

விடிவதற்கு முன்பு கிளம்பினோம். வெல்லவாய இறங்கி, புத்தலக் காட்டு வழியாகப் போகும்போது வெயில் ஏறிவிட்டது. எங்கள் குளிருக்குப் பழகிய உடம்புக்கு அந்த வெக்கை ஆகாது. பெரியம்மாவும் மலையில் வாழ்ந்தவர்தான். மாணிக்க கங்கையில் இறங்கித் தலை முழுகும்வரை முகம் சிவந்து போயிருந்தது. ஆற்றில் தண்ணீரைவிட ஆள்தான் அதிகம். சிங்களவரும் தமிழரும் குடும்பம் குடும்பமாக இறங்கி முழுகிக்கொண்டிருந்தார்கள். ஈரமான மஞ்சள் சேலையோடு கரையேறி, பழத்தட்டு வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு பெரியம்மா கோயில் வரிசையில் நின்றார்.

பூசை முடியும்வரை எதுவும் சாப்பிட மாட்டேன் என்று முன்னாலேயே சொல்லியிருந்தார். அவருக்குச் சீனி வருத்தம், சர்க்கரை நோய் இருந்தது. காலை மாத்திரையை மட்டும் வேனில் வைத்து விழுங்கினார். மற்ற மாத்திரைகளும் அவருடைய பாஸ்போர்ட்டும் போனும் என் பையில் இருந்தன. கூட்டத்தில் தொலைந்துவிடும் என்று நானே வாங்கி வைத்திருந்தேன்.

மூலஸ்தானத்தில் உருவம் எதுவும் தெரியாது. படம் வரைந்த திரைதான். அந்தத் திரையைப் பார்த்துப் பெரியம்மா கைகூப்பியபடி நின்ற விதம் எனக்கு என்னவோ செய்தது. கேட்கிற மாதிரி இல்லை, கெஞ்சுகிற மாதிரியும் இல்லை. கணக்குத் தீர்க்க வந்தவர் மாதிரி நிமிர்ந்து நின்றார். பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள். பூசை செய்கிற கப்புராளை தட்டை வாங்கி உள்ளே கொண்டுபோய், பாதியைத் திருப்பிக் கொடுத்தார். வெளியே வந்து தேங்காய் உடைத்தோம். ஒரே அடியில் சிதறியது. நல்ல சகுனம் என்று வேனில் வந்த ஒருவர் சொன்னார்.

அன்னதானத்துக்கு வரிசை தெரு முனைவரை நின்றது. வேன் புறப்பட இன்னும் நேரம் இருந்தது. அருங்காட்சியகத்துக்குப் போய் நிழலில் கொஞ்சம் நின்றுவிட்டு வருவோம், அதற்குள் வரிசை குறையும் என்றேன். பசிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். பேரப்பிள்ளைகள் போட்டோ கேட்டிருக்கிறார்கள் என்றும் சொன்னார்.

டிக்கட் கொடுக்கிறவர் பெரியம்மாவின் பொட்டையும் மூக்குத்தியையும் பார்த்துவிட்டு, உள்ளூரா வெளிநாடா என்று சிங்களத்தில் கேட்டார். நான் பாஸ்போர்ட்டை எடுத்தேன். அவர் என்ன கேட்கிறார் என்று பெரியம்மா கேட்டார். சொன்னேன்.

"கொஸ்லந்தையில பொறந்தவள்னு சொல்லு," என்றார்.

சொன்னேன். பாஸ்போர்ட்டிலும் பிறந்த இடம் அப்படித்தான் போட்டிருந்தது. அந்த மனிதர் அதை ஒரு தடவை பார்த்தார், பெரியம்மாவை ஒரு தடவை பார்த்தார். பிறகு உள்ளூர் டிக்கட் இரண்டைக் கிழித்துக் கொடுத்தார். பிரசாதப் பையை வாசலில் இருந்த அலமாரித் தட்டில் வைக்கச் சொன்னார்கள், வைத்தோம்.

உள்ளேயும் கூட்டம்தான். கல்வெட்டு, உடைந்த சிலைகள், பழைய மணி, விளக்கு என்று கண்ணாடிக்குள் வைத்திருந்தார்கள். யாரும் நின்று பார்க்க முடியவில்லை. பின்னால் வருகிறவர்கள் நகர்த்திக்கொண்டே இருந்தார்கள். ஒரு கண்ணாடிப் பெட்டி முன்னால் பெரியம்மா நின்றுவிட்டார். நேர்த்திக்கடனாகச் செலுத்திய வெள்ளி உருவங்கள். சின்னக் கை, சின்னக் கால், ஒரு சோடிக் கண், தொட்டில்.

"நெஞ்சு இருக்கா பாரு," என்றார்.

குனிந்து பார்த்தேன். இல்லை. நன்றாகப் பார் என்றார். அவர் முகம் கண்ணாடியில் ஒட்டியபடி இருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் உள்ளே நுழைந்தது. வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள், அவர்களை வரிசையில் நிறுத்தக் கத்துகிற ஆசிரியைகள். நானும் பண்டாரவளையில் ஓர் ஆசிரியைதான், அந்தச் சத்தம் எனக்குப் புதிது இல்லை. ஆனால் அந்த இடுக்கில் பிள்ளைகள் எனக்கும் பெரியம்மாவுக்கும் நடுவில் புகுந்து, என்னை முன்னே தள்ளிக்கொண்டே போனார்கள். திரும்பிப் பார்த்தேன், மஞ்சள் சேலை தெரிந்தது. வாசல் பக்கம் நிற்கிறேன், வாங்க பெரியம்மா என்று கத்தினேன். அவருக்கு ஒரு காது மந்தம்.

வெளியே போகிற வாசலில் நின்றேன். பிள்ளைகள் எல்லாம் வெளியே வந்தார்கள். பெரியம்மா வரவில்லை. உள்ளே போகப் பார்த்தேன், இந்த வழியாக விட மாட்டார்கள் என்று காவலாளி மறித்தார். சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு ஓடினேன். டிக்கட்காரருக்கு என்னை ஞாபகம் இருந்தது, திரும்ப விட்டார். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் வேறு யாரோ நின்றார்கள். கடைசிவரை போய் மறுபடியும் வெளியே வந்தேன். நான் சுற்றி ஓடிய நேரத்தில் அவர் வெளியே வந்திருக்க வேண்டும்.

முதலில் பயம் வரவில்லை. பக்கத்து மரத்தடியில் உட்கார்ந்திருப்பார் என்றே நினைத்தேன். மரத்தடியில் பார்த்தேன். செருப்பு விட்ட இடத்தில் பார்த்தேன். அன்னதான வரிசையை முன்னும் பின்னும் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் என் கையில் இருந்த பையின் கனம் எனக்குத் தெரிந்தது. மாத்திரை இதற்குள், பாஸ்போர்ட் இதற்குள், அவருடைய போன் இதற்குள். அந்த மனுஷியிடம் ஒன்றுமே இல்லை. வயிற்றிலும் ஒன்றும் இல்லை.

அன்று அந்த ஊரில் எத்தனை மஞ்சள் சேலை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்று முதுகு காட்டி நின்றது. ஒருவரைத் தோளில் தொட்டுத் திருப்பினேன், பிள்ளை ஏந்திய இளம்பெண். இன்னொருவர் காது கேட்காதவர் மாதிரியே நடந்து போனார், ஓடிப்போய் முன்னால் நின்றால் யாரோ ஒரு சிங்கள ஆச்சி. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன மகளே என்று கையைப் பிடித்தார்.  கையை விடுவித்துக்கொண்டு ஓடினேன்.

ஆற்றுப் பக்கம் போக எனக்கு மனம் இல்லை. இருந்தும் போனேன். படித்துறையில் நின்று தண்ணீரைப் பார்த்தேன். இடுப்பளவுதான், குழந்தைகள் விளையாடுகிறார்கள். ஆனாலும் மயக்கம் வந்து விழுந்தால் அந்த அளவு போதும் என்று தோன்றியது. இந்த நினைப்பு வந்த பிறகு எனக்குக் கால் நிற்கவில்லை. தெய்வானை அம்மன் கோயில், பள்ளிவாசல், கிரிவெஹெர பௌத்த தூபிக்குப் போகிற நீளப் பாதை என்று போகாத இடம் இல்லை. காவடி ஒன்று மேளத்தோடு எதிரே வந்தது. முதுகில் கொக்கி குத்தி ஆடி வந்தவர்களைச் சுற்றிச் சனம் அரோகரா போட்டது. நான் நடுவே புகுந்து போகப் பார்த்தேன், யாரோ திட்டினார்கள்.

பொலிஸ் காவலரணில் ஒரு நீண்ட மேசை இருந்தது. எனக்கு முன்னால் ஒரு அப்பா, தொலைந்த மகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். என் முறை வந்ததும் பெரியம்மாவின் பேரைப் பாஸ்போர்ட்டைப் பார்த்துச் சொன்னேன். வயது, சேலை நிறம், காது மந்தம், சீனி வருத்தம், சிங்களம் மறந்துபோனது எல்லாம் சொன்னேன். அந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டார். ஒலிபெருக்கியில் சிங்களத்தில் சொன்னார்கள். தமிழில் சொல்ல ஆள் இல்லை, நானே சொல்லலாமா என்று கேட்டேன். மைக்கைக் கொடுத்தார். பேரைச் சொல்லிவிட்டு, பெரியம்மா, பொலிஸ்ல இருக்கேன், யாருகிட்டயாவது சொல்லி இங்க வாங்க என்றேன். என் குரல் ஊர் முழுக்கக் கேட்டது, எனக்கே அந்நியமாக இருந்தது.

வரவில்லை.

ஒலிபெருக்கி ஓயவே இல்லை. தொண்டர்களுடைய முதலுதவிக் கூடாரத்திலும் தனியாக ஒன்று வைத்திருந்தார்கள். அதில் ஒரு பெண்ணின் பேரைச் சொல்லி, வயதான அம்மா ஒருவர் முதலுதவியில் இருக்கிறார், அவரைச் சேர்ந்தவர்கள் வந்து கூட்டிப்போகவும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நான் அதை நன்றாகக் கேட்டேன். பெரியம்மாவின் பேர் இல்லை. வேறு யாருக்கோ அவர்களுடைய ஆள் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். அந்த யாரோ ஒருவர்மேல் எனக்குப் பொறாமைகூட வந்தது.

வேன் சாரதி போன் எடுத்தார். எல்லாரும் வந்தாச்சு, நீங்கள் மட்டும்தான் என்றார். விஷயத்தைச் சொன்னேன்.  தேடுங்க, நாங்க நிக்கிறோம் என்றார். வேனில் வந்தவர்களில் இரண்டு மூன்று பேர் இறங்கி வந்து தாங்களும் தேடத் தொடங்கினார்கள். அவர்கள் சாமான் பொட்டலங்களோடு கூட்டத்தில் நுழைவதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அதுவரை வரவில்லை.

பிறகு அம்மாவின் போன். முதலில் எடுக்கவில்லை. அடித்து நின்றது, மறுபடியும் அடித்தது. எடுக்காவிட்டால் ஏதோ நடந்துவிட்டது என்றே நினைப்பார். எடுத்தேன்.

பூசை நல்லபடியா முடிந்ததா என்று கேட்டார். முடிந்தது என்றேன். தேங்காய் எப்படி உடைந்தது என்று கேட்டார். அதையும் சொன்னேன். அக்காவிடம் கொடு என்றார். பெரியம்மா சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்றேன். மூச்சு வாங்கிக்கொண்டே, பரவாயில்லை, கையைக் கழுவிட்டுப் பேசச் சொல், நான் லைனில் இருக்கிறேன் என்றார். போனைக் காதில் வைத்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றேன். பொய் சொல்ல இனி ஒன்றும் இல்லை. அம்மாவின் மூச்சு காதுக்குள் இழுத்து இழுத்து வந்தது.

"அம்மா, பெரியம்மாவ காணோம்," என்றேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மயங்கிவிட்டாரோ என்று அம்மா, அம்மா என்று கூப்பிட்டேன். அந்த நேரம் முதலுதவி ஒலிபெருக்கி திரும்பவும் அதே பேரைச் சொன்னது.

"இப்ப மைக்ல யாரு பேரு சொன்னாங்க?" என்று அம்மா கேட்டார்.

யாரோ அம்மா, வேறு ஆள் என்றேன். திரும்பச் சொல்லு என்றார். சொன்னேன்.

"அது எங்கப்பா அக்காவ கூப்புடுற பேரு புள்ள. வீட்டுல மட்டும்தான் அந்தப் பேரு. நீ போ."

அந்தப் பேரை நான் பிறந்ததிலிருந்து கேட்டதே இல்லை. அம்மா எப்போதும் அக்கா என்றுதான் சொல்வார். இங்கேயும் அதை எழுதப் போவதில்லை, அது அவர்கள் இருவருக்கும் உரியது.

கூடாரத்துக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று ஞாபகம் இல்லை. வரிசையாகக் கட்டில்கள். வெயிலில் விழுந்தவர்கள், கால் வெட்டுப்பட்டவர்கள். கடைசிக் கட்டிலில் பெரியம்மா கிடந்தார். கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சீனி அடியோடு இறங்கிப்போய்க் கடைத்தெருவில் விழுந்துவிட்டாராம். யாரோ முச்சக்கர வண்டிக்காரர் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். பேர் கேட்டதற்கு அந்தப் பேரைத்தான் சொன்னாராம். ஊர் கேட்டால், எங்கள் பழைய லயத்தைச் சொன்னாராம். அங்கே நின்ற தொண்டர் பெண்ணுக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. அந்த லயம் இப்போது இல்லை.

பக்கத்தில் போய்க் கையைப் பிடித்தேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். என்னை அம்மா என்று நினைத்துவிட்டார்.

"அப்பா ஸ்டேஷனுக்கு வந்துட்டாரா?" என்று கேட்டார். "நீ அழுவாத. நான் போக மாட்டேன்னு சொல்லிட்டேன்."

 சரி என்றேன். அவர் என் விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டார், எலும்பு வலித்தது. ஊசி மருந்து இறங்க இறங்க அவர் முகம் மெல்ல மாறியது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கண்ணைத் திறந்தபோது நான் யார் என்று தெரிந்துவிட்டது. கூடாரத்தைச் சுற்றிப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். என் விரலை விட்டார். தான் ஏதாவது உளறினேனா என்று கேட்டார். இல்லை என்றேன்.

அம்மாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். பெரியம்மா பேசியது கொஞ்சம்தான். ஒன்றும் இல்லை, வெயில், வந்துகொண்டிருக்கிறோம், நீ கஞ்சி குடித்தாயா என்று கேட்டார். அந்தப் பக்கம் அம்மா என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. ஆனால் பெரியம்மா வெகு நேரம் போனைக் காதில் வைத்து உம், உம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சோறு கொடுத்து, மருத்துவர் பார்த்துப் போகலாம் என்ற பிறகு வேனுக்குப் போனோம். யாரும் ஒரு வார்த்தை முகம் சுளித்துப் பேசவில்லை. முன் இருக்கையை ஒழித்துக் கொடுத்தார்கள். காடு தாண்டி மலை ஏறத் தொடங்கியபோதுதான் பிரசாதப் பையை அருங்காட்சியக வாசலிலேயே விட்டுவிட்டது நினைவுக்கு வந்தது. வண்டியைத் திருப்பச் சொல்ல முடியாது. பெரியம்மாவிடம் சொன்னேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இவ்வளவு தூரம் வந்து அவளுக்கு ஒரு பொட்டுத் திருநீறுகூட இல்லையா என்று அவர் கேட்டது என்னிடமா, வேறு யாரிடமா என்று தெரியவில்லை. பின்னால் இருந்த ஒருவர் தன் பொட்டலத்தைப் பிரித்து, கொஞ்சம் திருநீறும் ஒரு வாழைப்பழமும் நீட்டினார். பெரியம்மா வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். 

அன்று மாலை மங்குகிற நேரத்தில் பெரியம்மா அம்மாவின் நெற்றியில் அந்தத் திருநீற்றைப் பூசினார். பழத்தைக் கையால் மசித்து ஊட்டினார். அம்மா ஒரு வாய்தான் வாங்கினார். மிச்சத்தை நீ தின்னு என்று அக்காவின் கையைத் தள்ளினார். கதிர்காமத்தில் நடந்ததைப் பற்றி அம்மா எதுவும் கேட்கவில்லை. கட்டில் சின்னது. ஆனாலும் அன்று முதல் திரும்பிப் போகும்வரை பெரியம்மா அதிலேயே, சுவர் ஓரமாக ஒடுங்கிப் படுத்துக்கொண்டார்.

விசாவை நீடிக்க முடியுமா என்று விசாரித்தோம். அங்கே பெரியப்பாவும் படுத்த படுக்கை, மருமகள் எத்தனை நாள் தனியாகப் பார்ப்பாள். குறித்த நாளில் பெரியம்மா போனார். அம்மா அழுவார் என்று பயந்தேன். அழவில்லை. போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு என்று மட்டும் சொன்னார்.

மார்கழியில் அம்மா இறந்தார். பெரியம்மாவால் வர முடியவில்லை. வீடியோவில் காட்டினோம். சிக்னல் விட்டு விட்டு வந்தது. எல்லாம் முடிந்து வீட்டில் ஆட்கள் குறைந்த பிறகு அவர் மறுபடியும் போன் பண்ணினார். தான் கொண்டுவந்து கொடுத்த நீலச் சேலையை என்ன செய்தீர்கள் என்று கேட்டார்.

"அதத்தான் உடுத்தி அனுப்புனோம் பெரியம்மா," என்றேன்.

சரி என்றார். பிறகு, அங்கே மழையா என்று கேட்டார். மூன்று நாளாக விடவில்லை, கொஸ்லந்தை ரோட்டில் மண் சரிந்திருக்கிறது, அப்புத்தளை வழியாகத்தான் ஆட்கள் வந்தார்கள் என்று சொன்னேன். அதையெல்லாம் ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.